பனிக்குடிசை முதல் ஜூம் வரை - தூரத்துப் பண்டிகைகளின் கதை

2020-ல பண்டிகைகளைக் கொண்டாடின விதத்தை நினைச்சா சிரிப்பும் வருது, கொஞ்சம் வயித்தைப் பிசையவும் செய்யுது. மார்ச் 25-ஆம் தேதி நாடு முழுக்க ஊரடங்கு ஆரம்பிச்சது. ஏப்ரல் 14 சித்திரைத் திருநாள் அதுக்குள்ளேயே வந்து போச்சு. நவம்பர் 14 தீபாவளி. அப்புறம் கிறிஸ்துமஸ். எல்லாத்துக்கும் கம்ப்யூட்டர் திரைதான் வீட்டுக் கூடம். ஒரு கட்டத்துல பெரியப்பா, இன்னொரு கட்டத்துல அமெரிக்காவுல இருக்கற அத்தை. அது முடிஞ்சதும் அதே நாற்காலி, அதே திரை, ஆபீஸ் ஆளுங்களோட தம்போலா. மேலே பட்டுச்சட்டை, கீழே லுங்கி. :-)

இப்படி ஒரு கூத்து உலகத்துல இதுக்கு முன்னாடி நடந்ததே இல்லைன்னு அப்போ பலரும் பேசிக்கிட்டாங்க. ஆனா நடந்திருக்கு. ஒரு நூத்துச் சொச்சம் வருஷமாவே நடந்துக்கிட்டு இருக்கு. குடும்பம் ஒரு பக்கம், கூட வேலை செய்யறவங்க இன்னொரு பக்கம், நடுவுல கடலோ பனியோ ஆகாயமோ. அந்த நிலைமையில மாட்டினவங்க எப்படிப் பண்டிகை கொண்டாடினாங்க? எது எடுபட்டது, எது எடுபடலை? இதைக் கொஞ்சம் வரிசையாப் பார்த்தா நம்ம 2020 கூத்துக்கும் அர்த்தம் கிடைக்குது, இனிமே வரப்போற பண்டிகைகளுக்கும் ஒரு பாடம் கிடைக்குது.

அண்டார்டிகாவிலிருந்து ஆரம்பிப்போம்.

1902, டிசம்பர் 25. பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ராபர்ட் ஸ்காட், டாக்டர் எட்வர்ட் வில்சன், எர்னஸ்ட் ஷாக்கிள்டன் மூணு பேரும் பனிப்பாலைவனத்துல தெற்கு நோக்கி நடந்துக்கிட்டு இருக்காங்க. நாய்கள் ஒவ்வொண்ணா செத்துக்கிட்டு வருது. மூணு பேருக்கும் அரைவயிறுதான் சாப்பாடு, ஸ்கர்வி நோய் வேற எட்டிப் பார்க்குது. பையில ஒவ்வொரு அவுன்ஸும் கணக்கு. அப்படிப்பட்ட நேரத்துல ஷாக்கிள்டன் தன் மூட்டையிலிருந்து ஒரு சாக்ஸை எடுக்கறார். அதுக்குள்ள கிரிக்கெட் பந்து அளவுக்கு ஒரு பிளம் புட்டிங்! கூடவே சின்னதா ஒரு செயற்கை ஹோலி இலைக்கொத்து. கிறிஸ்துமஸ் அன்னிக்குன்னே யாருக்கும் தெரியாம வாரக்கணக்கா சுமந்துக்கிட்டு வந்திருக்கார் மனுஷன். அதை கோகோ கொதிச்ச தண்ணியிலேயே சூடு பண்ணி மூணு பேரும் பங்கு போட்டுச் சாப்பிட்டாங்க. சாக்ஸுக்குள்ள இருந்ததாச்சேன்னு யாரும் முகம் சுளிக்கலை.

இதுல ஒரு விஷயம் கவனிங்க. பசியில துடிக்கறவன், சாப்பிடக்கூடிய ஒரு பொருளைத் தன் மூட்டையிலேயே வச்சுக்கிட்டு, அந்தத் தேதி வர்ற வரைக்கும் தொடாம இருந்திருக்கான். பண்டிகைன்னா என்னன்னு கேட்டா நான் இதைத்தான் சொல்லுவேன். நம்ம வீட்டுல தீபாவளிக்கு நாலு நாள் முன்னாடி முறுக்கு டப்பாவைப் பரண்ல ஏத்தி வைக்கிறாங்களே, அதே சமாச்சாரம்தான்.

அடுத்து 1911. ஸ்காட்டோட ரெண்டாவது பயணம். கேப் எவன்ஸ்ங்கற இடத்துல ஒரு மரக்குடிசை. உள்ளே 25 பேர். அவங்களை இறக்கிவிட்ட கப்பல் போயாச்சு, அடுத்த கோடைக்குத்தான் திரும்பி வரும். ரேடியோ கிடையாது. கடுதாசி கிடையாது. வீட்டுல யார் இருக்கா, யார் போயிட்டாங்கன்னுகூடத் தெரியாது. வெளியில மாசக்கணக்கா சூரியனே உதிக்காத இருட்டு. குடிசைக்குள்ள பெட்டிகளை அடுக்கி ஒரு தடுப்புச் சுவர்: இந்தப் பக்கம் அதிகாரிகளும் விஞ்ஞானிகளும், அந்தப் பக்கம் மாலுமிகள். பிரிட்டிஷ்காரன் பனியிலேயும் அந்தஸ்து பார்க்காம இருப்பானா!

அவங்களுக்கு டிசம்பர் கிறிஸ்துமஸ் வேலைக்கு நடுவுல வரும். டிசம்பர்தான் அங்கே கோடை, பயணம் போற காலம். அதனால ஜூன் 22, அதாவது நீண்ட இருட்டோட சரிபாதியில வர்ற 'நடுக்குளிர்' நாளைப் பெரிய பண்டிகையா வச்சுக்கிட்டாங்க. சூரியன் இனிமே நம்ம பக்கம் திரும்பும்ங்கற நாள். (நமக்குப் பொங்கல் உத்தராயணக் கணக்கு மாதிரின்னு வச்சுக்குங்களேன். அவங்களுக்கு மாசம் மட்டும் தலைகீழ்.)

அன்னிக்குக் குடிசை முழுக்கக் கொடி கட்டினாங்க. சீல் சூப், வறுத்த மாட்டிறைச்சி, யார்க்ஷயர் புட்டிங், பிளம் புட்டிங்னு விருந்து. ஹெர்பர்ட் பான்டிங் எடுத்த அந்த விருந்துப் புகைப்படம் இப்பவும் கிடைக்குது. நீளமான மேஜை, மேலே கொடிகள், ரெண்டு பக்கமும் உட்கார்ந்து கேமராவைப் பார்க்கிற முகங்கள். அவர் தான் எடுத்த படங்களை விளக்கு வச்சுத் திரையில போட்டும் காட்டினார். செர்ரி-கர்ராடுங்கற இளைஞர் ஆசிரியரா இருந்து தயாரிச்ச 'சவுத் போலார் டைம்ஸ்'ங்கற கையெழுத்துப் பத்திரிகையும் அன்னிக்குத்தான் வெளிவந்தது. ஒரே ஒரு பிரதி!

அப்புறம்தான் உச்சகட்டம். பர்டி பவர்ஸ்ங்கறவர் உள்ளே ஒரு கிறிஸ்துமஸ் மரத்தோட வர்றார். மரமே முளைக்காத கண்டத்துல மரம் ஏது? பனிச்சறுக்குக் கம்பு ஒண்ணு, மூங்கில் பிளாச்சு, நுனியில பறவை இறகு, மெழுகுவத்தி. அவ்வளவுதான் மரம். அதுல ஆளாளுக்கு ஒரு விளையாட்டுச் சாமான். வில்சனோட மச்சினி இங்கிலாந்துல இருந்தே பொறுக்கி எடுத்து, பத்திரமாக் கட்டிக் கொடுத்து அனுப்பினது. ஓட்ஸ்ங்கற குதிரைப்படை கேப்டனுக்கு, அதிகம் பேசாத, விறைப்பான ஆளு, ஒரு பொம்மைத் துப்பாக்கி கிடைச்சது. அன்னிக்கு ராத்திரி முழுக்க அதை வச்சுக்கிட்டு எல்லாரையும் 'சுட்டு', நான் சுட்டா நீ கீழே விழணும்னு கேட்டுக்கிட்டே அலைஞ்சாராம். விழுந்தாங்களாம்!

தூரத்துல இருக்கிற ஒரு பெண், ஒரு வருஷத்துக்கு முன்னாடியே, தான் அதிகம் பழகாத ஆண்கள் கூட்டத்துக்கு எது சிரிப்பு மூட்டும்னு யோசிச்சு அனுப்பின பொம்மை. அவங்க அங்கே இல்லை. ஆனா அன்னிக்கு அந்தக் குடிசையில அவங்களும் ஒரு ஆள்தான்.

அதே வருஷம் டிசம்பர் 25. தென்துருவம் நோக்கி எட்டுப் பேர் ரெண்டு வண்டிகளை இழுத்துக்கிட்டுப் போறாங்க. அன்னிக்கு வில்லியம் லாஷ்லிங்கற மாலுமிக்கு 44-வது பிறந்தநாள். பனிப்பிளவுக்குள்ள விழுந்து கயித்துல தொங்கினார். மேலே இழுத்துப் போட்டதும் டாம் கிரீன், பிறந்தநாள் வாழ்த்துகள்னு சொல்ல, லாஷ்லி சொன்ன பதிலை அச்சுல போட முடியாதுன்னு சொல்லுவாங்க. :-) அன்னிக்கு ராத்திரி விருந்துல குதிரைக்கறியில வெங்காயமும் கறிமசால் பொடியும் போட்ட கூழ், பிளம் புட்டிங், திராட்சை போட்ட கோகோ, கடைசியா இஞ்சி மிட்டாய். ஆமாங்க, நம்ம ஊர்ப்பக்கத்து கறிப்பொடி துருவத்துக்குப் பக்கத்துல வரைக்கும் போயிருக்கு. அந்த எட்டுப் பேர்ல அஞ்சு பேர் திரும்பி வரலை. ஸ்காட், வில்சன், மரம் செஞ்ச பவர்ஸ், துப்பாக்கி வச்சு விளையாடின ஓட்ஸ், எட்கர் எவன்ஸ். 1912-ல போய்ச் சேர்ந்துட்டாங்க. அதைத் தெரிஞ்சுக்கிட்டு அந்த விருந்துப் படத்தைப் பார்க்கும்போது என்னவோ பண்ணும்.

சரி, இவங்களுக்குக் கூட வேலை செய்யறவங்க பக்கத்துல, குடும்பம் தூரத்துல. கூட வேலை செய்யறவங்களே தூரத்துல இருந்தா?

அதுக்கு முன்னோடி தந்தி ஆபீஸ்காரங்க. 19-ஆம் நூற்றாண்டுல ஒரே கம்பியில நாள் முழுக்கப் பேசிக்கிட்டு, ஆனா நேர்ல ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமலே காலம் கழிச்ச முதல் 'சக ஊழியர்கள்' அவங்கதான். ஆள் யாருன்னு முகத்தை வச்சு இல்லை, கட்டுக்கடத் தட்டுற லயத்தை வச்சே கண்டுபிடிச்சுடுவாங்க. வேலை இல்லாத நேரத்துல கம்பியிலேயே கதை, ஜோக்கு, சதுரங்கம் எல்லாம் நடந்திருக்கு. அமெரிக்காவுல பாஸ்டனுக்கும் மெயின் மாநிலத்து கேலஸுக்கும் நடுவுல 700 மைல் கம்பியில 33 ஆபீஸ் ஆளுங்க வேலை முடிஞ்சப்புறம் கம்பி வழியாவே கூட்டம் போட்டுப் பேசியிருக்காங்க. ஒருத்தர் தட்ட, மத்த எல்லா ஆபீஸ்லயும் ஒரே நேரத்துல விழும். வீடியோ இல்லாத ஜூம் மீட்டிங்! 1879-லேயே எல்லா சீவர் தேயர்ங்கற அம்மா, தந்திக் கம்பியில வளர்ற காதலை வச்சு 'வயர்ட் லவ்'னு ஒரு நாவலே எழுதிட்டாங்க. இன்டர்நெட் சாட்ல லவ் பண்ணினதை என்னவோ நம்ம தலைமுறை கண்டுபிடிச்ச மாதிரி பேசினோமே!

நம்ம நாட்டுத் தபால் தந்தித் துறையோட வாழ்த்துத் தந்தி ஞாபகம் இருக்கா? வாழ்த்து வாசகத்துக்கெல்லாம் நம்பர் உண்டு. 1 போட்டா தீபாவளி வாழ்த்து. 8 போட்டா நீடூழி வாழ்க வகையறா கல்யாண வாழ்த்து. அனுப்புறவர் நம்பரை எழுதினாப் போதும், கம்பியில நம்பர் மட்டும் போகும். அந்தப் பக்கத்து ஆபீஸ்ல அதை முழு வாசகமா எழுதி, அழகா அச்சடிச்ச தாள்ல தருவாங்க. செலவும் மிச்சம். கல்யாண வீட்டுல தந்திகளை அடுக்கி வச்சு ஒருத்தர் மைக்குல வாசிப்பார். எல்லாத்துலயும் அதே வாசகம், பேரு மட்டும் வேற. ஆனாலும் ஒவ்வொரு பேர் வரும்போதும் பந்தல்ல யாராவது ஒருத்தர் நிமிர்ந்து உட்காருவார். வாசகம் முக்கியமில்லை, இன்னார் நினைச்சு அனுப்பியிருக்கார்ங்கறதுதான் முக்கியம். அந்தச் சேவைக்கு 2013 ஜூலையில மங்களம் பாடிட்டாங்க.

கம்பிக்கு அடுத்தது ரேடியோ. பிபிசி தன்னோட எம்பயர் சர்வீஸை ஆரம்பிச்சது 1932 டிசம்பர் 19. ஆறே நாள் கழிச்சு கிறிஸ்துமஸ் அன்னிக்கு ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் சாண்ட்ரிங்ஹாம் மாளிகையில ஒரு சின்ன அறையில உட்கார்ந்து நேரடியாப் பேசினார். முதல்ல தயங்கினவர்தான். பிபிசி தலைவர் ஜான் ரீத் விடலை. பேச்சை எழுதிக் கொடுத்தவர் பம்பாய்ல பிறந்த ருட்யார்ட் கிப்ளிங். மன்னருக்குக் கை நடுங்கி காகிதம் சலசலக்குமேன்னு மேஜை மேல கனமான துணி விரிச்சாங்களாம். சுமார் ரெண்டு கோடிப் பேர் கேட்டதாக் கணக்கு.

நேரம் ஏன் சாயங்காலம் இல்லாம மத்தியானம் மூணு மணின்னு கேட்டா, அதுல ஒரு கணக்கு இருக்கு. சிற்றலை ஒலிபரப்பு உலகத்துல முடிஞ்சவரை நிறைய இடங்களுக்குப் போய்ச் சேர அந்த நேரம்தான் தோது. அதாவது பல ஊர்க்காரங்களை ஒரே நேரத்துல கூட்டணும்னா நடுவுல ஒரு நேரத்தைப் பிடிக்கணும்ங்கற தலைவலி அப்பவே ஆரம்பிச்சாச்சு. சென்னை, லண்டன், சான் ஹோசே மூணுக்கும் பொதுவா மீட்டிங் நேரம் தேடி மண்டையை உடைச்சுக்கறவங்க ஐந்தாம் ஜார்ஜை நினைச்சுக்குங்க. 1934-ல இன்னும் ஒரு படி மேலே போய், இல்மிங்டன்ங்கற கிராமத்துலேர்ந்து 65 வயசு ஆட்டிடையர் ஒருத்தர்தான் மன்னர் பேச்சுக்கு அறிமுகம் கொடுத்தார். ஊர் சர்ச் மணியும் பாட்டும் சாம்ராஜ்யம் முழுக்கக் கேட்டது. சாம்ராஜ்ய அரசியலை விட்டுத் தள்ளுங்க. தூரத்துல இருக்கறவனுக்குக் கேட்க ஆசையா இருக்கறது ராஜா குரலை விட ஊர் மணிச்சத்தம்தான்னு அவங்களுக்குப் புரிஞ்சிருக்கு.

இனி ஆகாயம்.

1965 டிசம்பர் 16. ஜெமினி 6 விண்கலத்துல வால்ட்டர் ஷிராவும் தாமஸ் ஸ்டாஃபோர்டும். முந்தின நாள்தான் ஜெமினி 7-ஐ ஒரு அடி தூரம் வரைக்கும் நெருங்கிப் பெரிய சாதனை பண்ணியிருந்தாங்க. பூமிக்கு இறங்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஸ்டாஃபோர்ட் ரொம்ப சீரியஸா ஒரு தகவல் சொல்றார்: வடக்கேயிருந்து தெற்கே ஒரு விசித்திரமான வாகனம் தாழப் பறந்து போகுது... கீழே எல்லாரும் காதைத் தீட்டிக்கறாங்க. உடனே மேலேயிருந்து மவுத் ஆர்கனும் குட்டி மணிகளும் சேர்ந்து 'ஜிங்கிள் பெல்ஸ்'! ஷிரா விரல் நீளம்கூட இல்லாத ஒரு மவுத் ஆர்கனைத் திருட்டுத்தனமா உள்ளே கொண்டு போயிருந்தார். விண்வெளியில வாசிக்கப்பட்ட முதல் இசைக்கருவிகள் அவைதான். இப்போ ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துல பத்திரமா இருக்கு. ஷாக்கிள்டன் சாக்ஸுக்கு நேர் வாரிசு.

1968 டிசம்பர் 24. அப்போலோ 8-ல ஃபிராங்க் போர்மன், ஜிம் லவல், வில்லியம் ஆண்டர்ஸ் சந்திரனைச் சுத்திக்கிட்டே பைபிளோட முதல் பத்து வசனங்களை வாசிச்சதை உலகமே கேட்டது. அது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. எனக்குப் பிடிச்சது மறுநாள் சங்கதிகள். சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிச்சா உள்ளே சிவப்பு, பச்சை ரிப்பன் கட்டி நிஜ வான்கோழிக்கறியும் கிரேவியும். கீழே இருக்கிற யாரோ நினைச்சு வச்சது. கூடவே மூணு குட்டி பிராந்தி பாட்டில். அதை யாரும் தொடக்கூடாதுன்னு கேப்டன் போர்மன் சொல்லிட்டார். ஏதாவது தப்பா நடந்தா பழி பிராந்தி மேல விழும்னு. :-) அதே நாள் ஹூஸ்டன்ல லவலோட மனைவி மரிலின் வீட்டு வாசல்ல ஒரு ரோல்ஸ் ராய்ஸ் வந்து நிக்குது. உள்ளேயிருந்து ஒரு பரிசுப் பெட்டி. மிங்க் கோட்டு, சீட்டுல அனுப்புநர்: நிலாவில் இருக்கும் மனிதன். புருஷன் ஊர்ல இல்லைன்னு ஒரு அம்மாவும் இதைவிட நியாயமாக் காரணம் கேட்டிருக்க முடியாது!

இதுவரைக்கும் சந்தோஷமான கதைகள். இப்ப சொல்லப்போறது கொஞ்சம் வேற மாதிரி. இந்தக் கட்டுரையே இதுக்காகத்தான்.

1973 நவம்பர் 16. ஜெரால்ட் கார், எட்வர்ட் கிப்ஸன், வில்லியம் போக் மூணு பேரும் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்துக்குப் போறாங்க. மூணு பேருக்கும் அதுதான் முதல் விண்வெளிப் பயணம். 84 நாள் அங்கே இருந்தாங்க. அவங்களுக்கு முன்னாடி போன குழு படுவேகமா வேலை செஞ்ச குழு. அந்த வேகத்தையே அளவா வச்சு இவங்களுக்கும் அட்டவணை போட்டுட்டாங்க. காலையில எழுந்தா பூமியிலேருந்து அடி அடியா வேலைப் பட்டியல் அச்சாகி வந்திருக்கும். ஒரு சோதனை முடிஞ்சு மூச்சு விடறதுக்குள்ள அடுத்தது. முதல் மாசம் ஓய்வு நாள்னு கொடுத்த நாள்லயும் உட்கார்ந்து வேலை பார்த்தாங்க.

கிறிஸ்துமஸ் வந்தது. காலியான சாப்பாட்டு டப்பாக்களை வச்சு ஒரு மரம் கட்டினாங்க. கலர் ஸ்டிக்கர்தான் அலங்காரம். உச்சியில நட்சத்திரத்துக்குப் பதிலா அட்டையில வெட்டின வால்நட்சத்திரம். அந்தச் சமயம் கோஹூடெக் வால்நட்சத்திரம் சூரியனை நெருங்கிக்கிட்டு இருந்தது, அதைப் படம் எடுக்கணும். அதனால கிறிஸ்துமஸ் அன்னிக்கே காரும் போக்கும் ஏழு மணி நேரம் வெளியில மிதந்துக்கிட்டு வேலை பார்த்தாங்க. மரம் உள்ளே, ஆள் வெளியே. வீட்டுலேயே ஆபீஸ் இருந்தா என்ன ஆகும்ங்கறதுக்கு இதைவிடத் தெளிவா ஒரு படம் வரைய முடியாது.

மூணு நாள் கழிச்சு கார் தன் மனசுல இருக்கறதைப் பதிவு பண்ணி கீழே அனுப்பினார். டிசம்பர் 30-ஆம் தேதி ஹூஸ்டன்காரங்களோட உட்கார்ந்து, சரி மிதந்து, மனம் விட்டுப் பேசினாங்க. முடிவு என்ன தெரியுமா? சாப்பாட்டு நேரத்துல வேலை கிடையாது. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் நேரம் அவங்களோடது. நேரம் காலம் பார்க்க வேண்டாத சில்லறை வேலைகளைத் தனிப் பட்டியலாக் கொடுத்துடுவாங்க, எப்ப தோணுதோ அப்ப செய்யலாம். அவ்வளவுதான். அதுக்கப்புறம் வேலை பிரமாதமா ஓடுச்சு, திட்டமிட்டதை விட அதிகமாவே முடிச்சுக் கொடுத்துட்டு 1974 பிப்ரவரி 8-ல இறங்கினாங்க.

இந்தச் சம்பவத்தை 'விண்வெளியில் வேலைநிறுத்தம்', ரேடியோவை அணைச்சுட்டு ஒரு நாள் முழுக்க சும்மா இருந்தாங்கன்னு பின்னாடி கட்டிவிட்டுட்டாங்க. இப்பவும் ஃபார்வர்டுகள்ல சுத்துது. அப்படி ஒண்ணு நடக்கவே இல்லைன்னு அதுல இருந்தவங்களே பல தடவை சொல்லியாச்சு. நடந்தது ஒரு பேச்சுவார்த்தைதான். ஆனா வேலைநிறுத்தக் கதை எவ்வளவு ருசியோ, அதைவிட நிஜக்கதை நமக்கு உபயோகம். தூரத்துல இருக்கறவனுக்கு என்ன தேவைன்னு தலைமையகத்துக்குத் தானாத் தெரியாது. வாயைத் திறந்து சொல்லணும். சொன்னா, கேட்கற தலைமையகமும் இருக்கும்.

இதுக்கு ஒரு பத்து வருஷம் முன்னாடி பூமியில, இங்கிலாந்துல, இன்னொரு அம்மா இதே முடிச்சோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தாங்க. ஸ்டெஃபனி ஷர்லி. நாஜிகள்கிட்டேயிருந்து தப்பிச்சு 1939-ல குழந்தை அகதியா இங்கிலாந்து வந்தவங்க. 1962-ல ஆறே பவுண்டு முதலீட்டுல, வீட்டு மேஜையில ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி ஆரம்பிச்சாங்க. வேலைக்கு எடுத்தது பெரும்பாலும் கல்யாணம், குழந்தைன்னு வேலையை விட்ட பெண்களை. முதல் 300 பேர்ல 297 பேர் பெண்கள். எல்லாரும் அவங்கவங்க வீட்டுலேயிருந்தே புரோகிராம் எழுதினாங்க. கான்கார்ட் விமானத்தோட கருப்புப்பெட்டிக்கான வேலையும் அதுல ஒண்ணு. பெண் பேர்ல கடிதம் போட்டா பதில் வரலைன்னு 'ஸ்டீவ்'னு கையெழுத்துப் போட ஆரம்பிச்சாங்க.

போன்ல வாடிக்கையாளர் பேசும்போது பின்னாடி குழந்தை அழற சத்தம் கேட்டா? அதுக்கு ஒரு டேப்ல டைப்ரைட்டர் சத்தத்தைப் பதிவு பண்ணி வச்சிருந்தாங்க. போன் அடிச்சா டேப்பைத் தட்டிவிடறது. அந்தப் பக்கம் கேக்கறவர் பெரிய ஆபீஸ்னு நினைச்சுக்குவார்! சிரிப்பாத்தான் இருக்கு. ஆனா யோசிச்சா சங்கடம். வேலை செய்யணும்னா வீட்டையே ஒளிச்சு வைக்கணும்ங்கற நிலைமை. வீட்டுலேருந்து வேலைங்கற முறைக்கு அமெரிக்காவுல ஜாக் நில்ஸ் 'டெலிகம்யூட்டிங்'னு பேர் வச்சதே 1973-லதான், ஸ்கைலாப்ல மரம் கட்டின அதே வருஷம்.

இப்ப 2020-க்குத் திரும்புவோம். 2019 டிசம்பர்ல ஜூம் மீட்டிங்கில் ஒரு நாளைக்கு ஒரு கோடிப் பேர் கலந்துக்கிட்டாங்கன்னு கணக்கு. 2020 ஏப்ரல்ல அது 30 கோடி. டைப்ரைட்டர் டேப்புக்கெல்லாம் வேலையே இல்லாம போச்சு. எல்லார் வீட்டு சமையல்கட்டும் எல்லாருக்கும் தெரிஞ்சாச்சு. மேனேஜர் மடியில பேத்தி, பின்னாடி குக்கர் விசில். ஷர்லி அம்மா அறுபது வருஷம் முன்னாடி ஒளிச்சு வச்சது ஒரே மாசத்துல வெட்டவெளிச்சம். அந்த வருஷம் நன்றி சொல்லும் நாளுக்கும், அப்புறம் டிசம்பர் பண்டிகைகளுக்கும் ஜூம் கம்பெனி தன்னோட 40 நிமிஷ இலவச எல்லையைத் தூக்கிட்டுது. முன்னே ரேடியோ நேரத்தைப் பார்த்தவன் மன்னன், இப்போ 40 நிமிஷத்தைப் பார்த்தவன் மாமனார்.

இந்தத் திரையில எந்த விளையாட்டு எடுபட்டது, எது படுத்துச்சுன்னு பார்த்தா வேடிக்கையா இருக்கும். தம்போலா ஓகோன்னு ஓடுச்சு. ஒருத்தர் நம்பர் சொல்லணும், மத்தவங்க கேட்கணும், அவ்வளவுதான். டம்ப் ஷராட்ஸும் அப்படியே. வாயே திறக்க வேண்டாம், சத்தம் விட்டு விட்டு வந்தாலும் கவலையில்லை. "வீட்டுல இருக்கற மஞ்சள் பொருளை யார் முதல்ல எடுத்துட்டு வர்றா"ங்கற ஓட்டத்துல குட்டிப் பசங்கதான் எப்பவும் ஜெயிச்சாங்க. அந்தாக்ஷரி முறைவச்சுப் பாடுற வரைக்கும் சரி. "எல்லாரும் சேர்ந்து பாடலாம்"னு யாராவது சொன்னா முடிஞ்சது கதை, சந்தைக்கடை.

காரணம் நம்ம குரல் இல்லை. (அதுவும் ஒரு காரணம்தான்.) தொலைபேசிப் பேச்சுக்கு, ஒரு பக்கத்துலேருந்து மறுபக்கம் போக 150 மில்லிசெகண்ட் வரைக்கும் தாமதம் இருந்தா நமக்கு உறுத்தாது. ஆனா தாளம் போட்டுச் சேர்ந்து பாடணும்னா சுமார் 30 மில்லிசெகண்டுக்கு மேல போனாலே ஒருத்தருக்காக ஒருத்தர் காத்திருந்து பாட்டு நொண்டியடிக்கும். ஜெமினிக்காரங்க தப்பிச்சதுக்குக் காரணம் அதுதான். அவங்க வாசிச்சாங்க, கீழே கேட்டாங்க. யாரும் கூடப் பாட வேண்டியதில்லை. தூரத்துப் பண்டிகைக்கு இது ஒரு சட்டமாவே ஆயிடுச்சு: சேர்ந்து செய்யறது வேண்டாம், முறைவச்சுச் செய்.

இன்னொண்ணு, சோர்வு. 2021 பிப்ரவரியில ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்து ஜெரமி பெய்லன்ஸன் இந்த வீடியோ களைப்புக்கு நாலு காரணம் எழுதினார். எல்லார் முகமும் ரொம்பக் கிட்டத்துல நம்மையே முறைக்கறது, நம்ம முகத்தையே நாம பார்த்துக்கிட்டு இருக்கறது, நகர முடியாம ஒரே இடத்துல கட்டிப்போட்ட மாதிரி உட்கார்றது, சாதாரணமாத் தலையசைக்கறதைக்கூட யோசிச்சு செய்ய வேண்டியிருக்கறது. கல்யாண வீட்டை நினைச்சுப் பாருங்க. இந்த நாலுமே அங்கே கிடையாது. பந்தல்ல எங்க வேணா உட்காரலாம், பாதியில எழுந்து போய்க் காபி குடிக்கலாம், யார் முகத்தையும் பார்க்காமலே ரெண்டு மணி நேரம் ஊர்க்கதை கேட்கலாம். கூட்டத்துக்குள்ள காணாம போற அந்தச் சுகம் திரையில இல்லை.

அதோட, வீட்டுல பலகாரம் பண்ணிக்கிட்டு இருக்கறப்போ ஆபீஸ்லேருந்து "கட்டாயம் எல்லாரும் கலந்துக்கணும்"னு ஒரு கொண்டாட்டம் வந்தா, அது கொண்டாட்டமா வேலையா? தொப்பி மாட்டிக்கிட்டு சிரிச்ச முகத்தோட ஒரு மணி நேரம் கேமராவுக்கு முன்னாடி உட்கார்றதும் ஒரு ஷிஃப்டுதான். இதுக்குப் பதில் ஸ்கைலாப்காரங்க 1973-லேயே சொல்லிட்டாங்க. அவங்க ஹூஸ்டன்கிட்ட விளையாட்டு ஏற்பாடு பண்ணிக் கொடுன்னு கேட்கலை. மரத்தை அவங்களே கட்டிக்கிட்டாங்க. கேட்டது சாப்பாட்டு நேரத்தையும் சாயங்காலத்தையும்தான்.

கதையை மொத்தமாப் பார்த்தா எனக்கு மூணு விஷயம் தெரியுது. ஒண்ணு, பண்டிகைன்னா ஒரு தேதிக்காக எதையாவது தொடாம காத்து வைக்கணும், அது சாக்ஸுக்குள்ள புட்டிங்கா இருந்தாலும் சரி. ரெண்டு, தூரத்துல இருக்கறவங்க ஒரு சின்னப் பொருளா உள்ளே வரணும்: பொம்மைத் துப்பாக்கி, ரிப்பன் கட்டின வான்கோழி, நம்பர் 1 போட்ட தந்தி. தீபாவளிக்குக் கூரியர்ல வர்ற அரைக்கிலோ அதிரசம் பத்து வீடியோ காலுக்குச் சமம், உடைஞ்சு தூளா வந்தாலும். மூணாவது, வேலை நிக்கணும். மத்த ரெண்டையும் நாமளே பண்ணிக்கலாம். இந்த மூணாவது மட்டும் அட்டவணை போடறவங்க கையில இருக்கு.

ஊரடங்கு போனாலும் வீட்டுலேருந்து வேலை முழுசாப் போகலை. நம்ம தீபாவளி அன்னிக்கு அமெரிக்க வாடிக்கையாளருக்கு சாதாரண வேலை நாள். அவங்க கிறிஸ்துமஸ் அன்னிக்கு நம்ம ஊர்ல ஒரு பையன் ராத்திரி ஷிஃப்டுல சர்வருக்குக் காவல் இருப்பான். உங்க குழுவுல அட்டவணை போடற ஆள் நீங்களா இருந்தா, இந்தத் தடவை பண்டிகை அன்னிக்கு விளையாட்டுக்கு லிங்க் அனுப்பறதுக்கு முன்னாடி அந்தப் பையனுக்கு ஒரு வேளை சாப்பாட்டு நேரத்தையாவது முழுசா விட்டுக் கொடுங்க. தம்போலாவை மறுநாள் வச்சுக்கலாம், நம்பர் எங்கேயும் ஓடிடாது.

வரட்டுமா?